பல்லியா, பள்ளியா?

தமிழுக்கு எழுத்துக்கள் 247 என்று நம் முன்னோர்கள் எண்ணி வைத்துவிட்டுப் போனார்கள். இக்காலத்து ஜனங்கள் அவ்வளவும் எதற்கு என்று யோசித்து, இங்கிலீஷிலிருந்து 26 எழுத்துக்களைக் கடன் வாங்கி, அவற்றைக் கொண்டே தமிழ்க் காரியங்களை நடத்தி வருகிறார்கள். சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் 247 பேர் பார்த்த வேலையை 26 பேர் தலையில் கட்டினால் என்ன நேரும் என்பதை எந்த ஆலைத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வான்.

நாம் செல்போன் கடிதங்களைத்தான் சொல்கிறோம் என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். கடிதம் என்பதுகூட மிகையான வார்த்தை. "க்ஷேமம், க்ஷேமத்திற்கு எழுதவும்" என்று ஆரம்பித்து, கன்றுக்குட்டி முதல் கொல்லைப்புறத்து முருங்கை வரையில் எல்லாருடைய யோகக்ஷேமத்தையும் விசாரித்து முடிகிற அந்தக் கடிதம் அநேகமாக மறைந்தே போயிற்று. இப்போது வருவது ஒரு வரி. அந்த ஒரு வரியிலும் வார்த்தை தமிழ், எழுத்து இங்கிலீஷ்.

பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் ஊரிலிருக்கும் தம் தாயாருக்கு அவசரமாக ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி, ஏ, எல், எல், ஐ என்ற ஐந்து எழுத்துக்களைத் தட்டி, 'விழுந்துவிட்டது' என்பதையும் அதே பாணியில் சேர்த்துவிடுகிறார். அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அடுத்த வீட்டுப் பெண் வந்து, "பள்ளி விழுந்துவிட்டது" என்று வாசிக்கிறாள். கிழவி மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, பேரன் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருப்பான்!" என்று கதறுகிறாள். தெருவே கூடிவிடுகிறது. கடைசியில் டெலிபோனில் கூப்பிட்டுக் கேட்டால், விழுந்தது பள்ளியல்ல, பல்லி. பேரனுடைய தோளின் மேல் விழுந்தது. பஞ்சாங்கத்தில் பலன் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்! கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வலத் தோளா, இடத் தோளா?" என்று கேட்கிறாள்.

ல, ள, ழ என்ற மூன்று பேரையும் ஒரே சட்டைக்குள் நுழைத்தால் இப்படித்தான் ஆகும். 'தாத்தாவுக்குப் பழம் அனுப்பியிருக்கிறேன்' என்று எழுதினால் பலம் அனுப்பியதாகவும் படிக்கலாம், பாலம் அனுப்பியதாகவும் படிக்கலாம். வலிக்கும் வழிக்கும் பேதமில்லை. சமையலறைக் கறியும் அடுப்புக் கரியும் ஒன்றாகிவிட்டன. (சில வீடுகளில் இது உண்மையே என்று யாராவது சொன்னால் அதற்கு நாம் பொறுப்பாளியல்ல.)

நிற்க. இது ஏதோ புதிய நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சமாசாரம் சொல்கிறோம். அச்சில் வந்த முதல் தமிழ்ப் புத்தகமே தமிழ் எழுத்தில் வரவில்லை. 1554ஆம் ஆண்டில் போர்த்துகல் தேசத்து லிஸ்பன் நகரில் அச்சான அந்தக் கிறிஸ்தவ ஜெபப் புத்தகத்தில், தமிழ் வார்த்தைகள் முழுவதும் ரோமன் எழுத்துக்களில்தான் இருந்தன. ஆனால் 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' சாட்சாத் தமிழ் எழுத்திலேயே அச்சேறிற்று. அதை வெளியிட்ட ஹென்றிக் பாதிரியார் போர்த்துகல்லில் பிறந்தவர். அந்நிய தேசத்தார் 24 ஆண்டுக்குள் விட்டுவிட்ட வழக்கத்தை நாம் நாலரை நூற்றாண்டு கழித்துப் புதையல்போல் எடுத்து அணைத்துக்கொண்டிருக்கிறோம்!

ஆயினும் குற்றம் முழுவதையும் ஜனங்கள் மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆரம்பத்தில் இதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் காசு. அக்காலத்துச் செல்போன் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. இருந்த கருவிகளிலும் ஒரு விசித்திரமான கட்டண முறை. இங்கிலீஷ் எழுத்தானால் ஒரு செய்தியில் 160 அடங்கும், தமிழானால் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும். 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யந்திரத்தின் கணக்கில் ஏழு. வணக்கம் சொல்வதற்குள்ளேயே பத்தில் ஒரு பங்கு தீர்ந்துவிட்டால், பிறகு சமாசாரத்தை எங்கே எழுதுவது? செய்திக்கு இவ்வளவு காசு என்று வாங்கிக்கொண்டிருந்த நாளில், மத்தியதர வகுப்புக் குடும்பஸ்தர் இங்கிலீஷ் எழுத்தை நாடியதில் வியப்பில்லை.

அந்தச் சங்கடமெல்லாம் தீர்ந்து வெகுகாலமாயிற்று. கருவியிலேயே தமிழ் விசைகள் இருக்கின்றன. 1999இல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' முறையில், உயிரும் மெய்யும் ஆய்தமுமாக 31 எழுத்து எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் போதும்; ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். 'தாத்தா' என்று எழுத ஐந்து தட்டு. இங்கிலீஷில், நெடிலைக் குறிலாக்கி ஏமாற்றினால்கூட ஆறு. சிக்கனக்காரர்கள் கவனிக்கவும்.

இன்னொரு கட்சியார் இருக்கிறார்கள். "துருக்கியர் ரோமன் எழுத்துக்கு மாறவில்லையா?" என்று கேட்பார்கள். மாறினார்கள், 1928இல். சுபாஷ் சந்திர போஸ்கூட 1934இல் துருக்கிக்குப் போய்வந்த பிறகு அபிப்பிராயம் மாறி, 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் தலைமையுரையில் இந்தியாவுக்கு ரோமன் லிபியே பொது லிபியாகலாம் என்றார். அவருடைய தேசபக்தியில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் துருக்கியர் சட்டம் போட்டு, தங்கள் ஒலிகளுக்கு ஏற்றபடி சில எழுத்துக்களுக்கு வாலும் சிலவற்றுக்குப் புள்ளியும் வைத்து, 29 எழுத்துக்களை வகுத்துக்கொண்டு மாறினார்கள். நம்மவர்க்கோ வாலுமில்லை, புள்ளியுமில்லை, சட்டமுமில்லை. 'வாழைப்பழம்' என்பதை ஒரே குடும்பத்தில் நால்வர் நான்கு விதமாக எழுதுவதை யார் வேண்டுமானாலும் இன்றைக்கே பரீட்சித்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் வேடிக்கைதான். வேடிக்கையல்லாத விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகத் தமிழ் கட்டாய பாடமாகிவிட்டது. குழந்தைகளுக்கு எழுத்தாவது தெரியும். பம்பாயிலும் டில்லியிலும் கடல் கடந்த தேசங்களிலும் வளரும் தமிழ்க் குழந்தைகளில் அநேகருக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லை. தமிழ் அவர்கள் காதில் விழுகிறது, வாயிலும் வருகிறது, கண்ணில் மட்டும் படுவதில்லை. தகப்பனார் மகனுக்கு, "சாப்பிட்டாயா?" என்று தினமும் அனுப்பும் அந்த ஒரு வரிதான் அவன் கண்ணில் படக்கூடிய தமிழ். அதையும் தகப்பனார் இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புகிறார், பையனுக்குச் சுலபமாயிருக்கட்டும் என்று!

ஊரிலிருந்து பாட்டி மட்டும் பிடிவாதமாகத் தமிழிலேயே எழுதி அனுப்புகிறாள். வேறு எழுத்து அவளுக்குத் தெரியாது. பேரன் அதைத் திறந்து பார்க்கிறான். ஜிலேபி பிழிந்து வைத்ததுபோல் இருக்கிறது. ஆனால் அவன் கலங்குவதில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் கருவியே வாசித்துக் காட்டிவிடும். ஊர் பேர் தெரியாத ஒரு ஸ்திரீயின் குரல் பாட்டியின் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரையில் படிக்கிறது. "என் கண்ணே" என்கிற இடமும், வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக வரும் என்று ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற அதே தொனியில்தான் வருகிறது.