எளிதில் எரியும் சருமமும் எண்ணெய்த் தூய்மையும்

"சோப்பை விட்டுவிட்டு எண்ணெயால் முகம் கழுவலாமா?" என்னும் வினா தோல் நோய்ப் பிரிவில் இப்போது அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் இரு வகையினர். ஒரு சாரார், சிறு கண்ணாடிக் குப்பியில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்படும் 'கிளென்சிங் ஆயில்' பற்றிக் கேள்விப்பட்ட இளையோர். மற்றொரு சாரார், சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்து, இப்போது எதைப் பூசினாலும் சருமம் எரிகிறதே என்று வருந்தும் மூத்தோர். இருவர் கேட்பதும் ஒன்றே. அதற்கு 'ஆம்' என்றோ 'கூடாது' என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்த எண்ணெய், யாருடைய சருமம், எவ்வாறு கழுவுவது என்னும் மூன்றையும் பொறுத்தே விடை அமையும்.

முதலில், உணர்திறன் மிகுந்த சருமம் என்பது யாது? அரிப்பு குறித்து ஆராயும் பன்னாட்டு மருத்துவ வல்லுநர் குழு ஒன்று 2017ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வரையறை வகுத்தது. சாதாரணமாக எவ்விதத் தொல்லையும் தராத நீர், காற்று, வெப்பம், களிம்பு போன்றவை பட்டதும் எரிச்சல், குத்தல், அரிப்பு, வலி, கூச்சம் ஆகியவை தோன்றுவதே அது. அச்சமயத்தில் சருமம் சிவந்திருக்கலாம். பார்வைக்கு முற்றிலும் இயல்பாகவும் இருக்கலாம். இந்தப் பின்பகுதியைக் குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டும். "முகத்தில் ஒன்றும் தெரியவில்லையே, எல்லாம் மனப்பிரமை" என்னும் சொல்லால் காயப்பட்டு வருவோர் பலர். கண்ணுக்குத் தெரியாத எரிச்சலும் எரிச்சலே.

சருமத்தின் மேற்புற அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே தடிமன் உடையது. அதன் அமைப்பைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவது தோல் மருத்துவத்தில் வழக்கம். தட்டையான செல்கள் செங்கற்கள்; அவற்றுக்கிடையே உள்ள செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் ஆகியவை சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள்கள் உட்புகும். சருமத்தின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5ஐ ஒட்டியே இருக்கும். வழக்கமான சோப்புக் கட்டியின் அளவோ 9 முதல் 10 வரை. சோப்பு அழுக்கை மட்டும் நீக்குவதில்லை. சாந்தையும் கரைத்துச் செல்கிறது. நலமான சருமம் சில மணி நேரத்தில் தன் நிலைக்கு மீண்டுவிடும். முதுமையாலோ, கரப்பான் என்னும் எக்ஸிமாவாலோ, மருந்துகளாலோ தளர்ந்துள்ள சருமம் அவ்வளவு விரைவில் மீள்வதில்லை.

எண்ணெய்த் தூய்மையின் பொருள் இங்கேதான் விளங்கும். எண்ணெயில் எண்ணெய் கரையும். முகத்தில் படிந்துள்ள சருமக் கொழுப்பு, மை, சன்ஸ்கிரீன், புகை ஆகியவை எண்ணெயோடு இளகிப் பிரிந்து வந்துவிடும். நுரை தேவையில்லை, தேய்த்துரைக்கவும் தேவையில்லை. இது புதிய கண்டுபிடிப்பன்று. கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் பெயரால் வழங்கும் 'கோல்டு கிரீம்' தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் பன்னீரும் சேர்ந்ததே. நம் இல்லங்களின் எண்ணெய்க் குளியலும் இதே கொள்கையில் அமைந்தது. ஆனால் அதன் பின்பாதியில் ஒரு சிக்கல் உண்டு. சீயக்காய், அரப்பு, பயத்தமாவு ஆகியவற்றைக் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கு போகும் வரை அழுத்தித் தேய்ப்பது நம் வழக்கம். எண்ணெய் அளித்த நன்மையை அந்தத் தேய்ப்பு பறித்துவிடுகிறது. மென்மையான சருமத்துக்கு அந்தத் தேய்ப்பே பகை.

எந்த எண்ணெய் என்பதில்தான் மிகுதியான குழப்பம் நிலவுகிறது. எண்ணெய்கள் எல்லாம் ஒன்றல்ல. லினோலியிக் அமிலம் மிகுந்தவை சருமத்தின் சாந்துக்கு உதவுகின்றன. ஓலியிக் அமிலம் மிகுந்தவை அதனைத் தளர்த்தக்கூடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்கள் முன்கைகளில் சில வாரங்கள் நாள்தோறும் எண்ணெய் பூசிக்கொண்டனர். ஆலிவ் எண்ணெய் பட்ட இடத்தில் சருமத்தின் உறுதி குறைந்து இலேசான சிவப்பு தோன்றியது. சூரியகாந்தி எண்ணெய் பட்ட இடத்தில் உறுதி குலையாமல் ஈரம் கூடியது. பங்கேற்றோர் சிலரே எனினும், கரப்பான் உள்ளவர்கள் ஆலிவ் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது என்று கொள்ள இது போதும். விலை உயர்ந்தது என்பதற்காக அதனைக் குழந்தைகளுக்குப் பூசும் பெற்றோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

சூரியகாந்தி எண்ணெய்க்கு மற்றொரு சான்றும் உண்டு. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த பச்சிளங்குழந்தைகளுக்கு அந்த எண்ணெயை மென்மையாகப் பூசியபோது, மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 விழுக்காடு குறைந்தன என்று 2005இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. சருமத் தடுப்பு என்பது அழகைச் சார்ந்த செய்தி மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதற்காகச் சமையலறையில் பலகாரம் பொரித்து மீந்த எண்ணெயை எடுத்துவிடக் கூடாது. சூடேறிய எண்ணெய் கெட்டுப்போனது. புதிதாகத் திறந்த, நறுமணம் சேர்க்காத எண்ணெயைச் சிறு குப்பியில் பிரித்து, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து ஓரிரு மாதங்களுக்குள் முடித்துவிடலாம். சிக்கு வாடை வந்துவிட்டால் குப்பியோடு விட்டுவிட வேண்டியதுதான்.

தேங்காய் எண்ணெய் நம் வீட்டுப் பொருள். கரப்பான் உள்ள குழந்தைகளிடம் பிலிப்பைன்ஸ் நாட்டில் 8 வாரங்கள் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், வெர்ஜின் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நற்பயன் தந்தது. கை கால்களின் வறட்சிக்கு அது ஏற்றதே. ஆனால் பருக்கள் தோன்றும் முகத்தில் அது துளைகளை அடைத்துவிடக்கூடும். முகத்தைத் தூய்மை செய்ய அதனை நான் முதலில் பரிந்துரைப்பதில்லை. நல்லெண்ணெய் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். மிகச் சிலருக்கு எள்ளில் உள்ள பொருள்களால் ஒவ்வாமை வருவதுண்டு. கடுகு எண்ணெய் சருமத்தின் மீட்சியைத் தாமதப்படுத்துவதால் எளிதில் எரியும் சருமத்துக்கு ஆகாது. விளக்கெண்ணெய் மிகவும் கெட்டியானது; அதை நீக்க அழுத்தித் துடைக்க நேர்வதே அதன் குறை.

எண்ணெய்த் தூய்மை எல்லாருக்கும் உரியதன்று. முகப்பரு மிகுந்தவர்களும், மூக்கோரத்திலும் புருவத்திலும் பொடுகு போன்ற செதில் உதிர்பவர்களும் இதைத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அச்செதிலோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை, எண்ணெயில் உள்ள கொழுப்பமிலங்களை உண்டு பெருகுவது. புண், நீர்க்கசிவு, சீழ் உள்ள இடத்தில் எண்ணெய் வேண்டா. கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர்கள், கதிர் படும் பகுதியில் எண்ணெயோ களிம்போ மஞ்சளோ எதுவாயினும் அச்சிகிச்சைப் பிரிவினரைக் கேட்டே பூச வேண்டும். மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் பெறுபவர்களின் முகத்தில் எண்ணெயும் பெட்ரோலியம் ஜெல்லியும் கூடாது. தீப்பற்றும் ஆபத்து உண்டு.

ஏற்றவர்கள் முதலில் முழங்கை மடிப்பின் உட்புறத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், நாளுக்கு இருமுறை வீதம் ஒரு வாரம் எண்ணெயைப் பூசிப் பார்க்கட்டும். அரிப்போ தடிப்போ இல்லையெனில் முகத்துக்குச் செல்லலாம். இரவு நேரமே ஏற்றது. கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு, உலர்ந்த முகத்தில் அரைத் தேக்கரண்டி எண்ணெயை விரல் நுனிகளின் மெத்தென்ற பகுதியால் வட்டமாகத் தடவுக. ஒரு நிமிடம் போதும். நகம் படலாகாது, கண்ணிமை மீது அழுத்தமும் கூடாது. பிறகு பழகி மென்மையான பருத்தித் துணி, பழைய வேட்டித் துண்டு இருப்பின் மிக நன்று, அதனை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து முகத்தின் மேல் சில விநாடிகள் வைத்து, ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. இருமுறை செய்தால் போதும். எண்ணெய்ப் படலம் தங்குவதை விரும்பாதவர்கள், சோப்பு கலவாத மென்மையான கிளென்சரைச் சிறிதளவு பயன்படுத்தலாம். அந்தத் துணியை ஒவ்வொரு நாளும் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

ஈரம் உலர்வதற்குள், ஏறக்குறைய மூன்று நிமிடங்களுக்குள், மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். எண்ணெயால் கழுவிவிட்டோமே, பிறகு எதற்கு என்று பலர் இதை விட்டுவிடுகின்றனர். பயன் பாதியாகக் குறைவது இங்கேதான். அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளும் களிம்பு ஏறக்குறைய அரை கிராம். இரு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டரை விரல்நுனி அளவு வேண்டும். பெரும்பாலோர் பட்டாணி அளவில் நிறுத்திக்கொள்கின்றனர். காலையில் வெறும் நீரால் முகம் கழுவுதலே போதும். அதன்பின் மாய்ஸ்சரைசர், வெளியே செல்வோருக்குத் துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன். அவ்வளவே.

இனி ஆடம்பரம் குறித்து. தன்னைப் பேணிக்கொள்ள நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதை வீண் என்று கருதுவதற்கில்லை. நெடுநாள் நோயுற்றவருக்கு அந்தப் பத்து நிமிடம், ஊசியும் மாத்திரையும் இல்லாமல் தம் உடலைத் தாமே தொடும் நேரம். ஆயின் விலையும் மணமும் சேரச் சேர இடரும் சேரும். லாவெண்டர், ரோஜா, சந்தனம் முதலிய நறுமண எண்ணெய்களே ஒவ்வாமைக்கு முதன்மையான காரணங்களுள் அடங்குவன. 'இயற்கை' என்னும் சொல் பாதுகாப்புக்கு உறுதியன்று. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் சென்றவரின் கன்னம் கருத்துக் கொப்புளிப்பதும் இயற்கையாலேயே. நலங்கு மாவில் பத்துப் பொருள்கள் சேர்ந்திருப்பின், எதனால் எரிந்தது என்று கண்டறிவது கடினம். அட்டையில் 'மணமற்றது' என்றிருந்தாலும், வாடையை மறைக்க ஒரு நறுமணப் பொருள் சேர்த்திருக்கக்கூடும். 'நறுமணப் பொருள் சேர்க்கப்படாதது' என்று இருப்பதையே தேடுக. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள வேதிப்பொருளால் நெற்றியில் வெண்புள்ளி விழுவதும் உண்டு.

சிவப்பழகுக் களிம்புகளைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே கூற வேண்டியுள்ளது. உள்ளடக்கம் அச்சிடப்படாத களிம்புகளில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பது உண்டு. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்பைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் 2023இல் கண்டறிந்தனர். முகத்தில் பூசியது சிறுநீரகத்தை எட்டியது. ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசியவர்கள் அதனை நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். தம் சருமம் இயல்பிலேயே மென்மையானது என்று அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். அவர்களுக்கு எண்ணெய்த் தூய்மை தீர்வாகாது. முறையான சிகிச்சையே வேண்டும்.

படுக்கையில் உள்ளவருக்கு இப்பணியைச் செய்யும் துணைவருக்குச் சில சொற்கள். நோயாளியிடம் முதலில் இசைவு கேளுங்கள். பேச இயலாதவராயினும் செய்யப்போவதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். எண்ணெயை உங்கள் உள்ளங்கையில் வைத்துச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் சிவந்திருந்தால் தேய்க்கவே கூடாது. அது படுக்கைப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம், செவிலியரிடம் உடனே காட்டுங்கள். நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் எண்ணெயோ களிம்போ பூசலாம், விரலிடுக்குகளில் வேண்டா. எண்ணெய் பட்ட கால்களோடு குளியலறைக்கு நடத்திச் செல்லாதீர்கள்; முதியோர் வழுக்கி விழுந்து இடுப்பு முறிவதற்கு ஒரு சொட்டு போதும். எண்ணெயும் களிம்பும் ஊறிய துணிகள் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, குத்துவிளக்கு, பீடி, சிகரெட் ஆகியவற்றின் அருகே அவற்றை அணிந்து நிற்பதும் ஆகாது.

முகமோ இமையோ உதடோ வீங்கினாலும், எரிச்சல் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், சருமத்தில் நீர் கசிந்தாலும், புதிய மருந்து தொடங்கிய சில நாள்களில் தடிப்பு தோன்றினாலும் எல்லாப் பூச்சுகளையும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வருக. மூச்சுத் திணறலோ, வாயிலும் கண்ணிலும் புண்ணோ சேர்ந்திருந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே நேராக வர வேண்டும். வரும்போது வீட்டில் பூசும் அனைத்தையும், எண்ணெய்க் குப்பி, சோப்பு, பவுடர், தலைச்சாயம், குங்குமம், பக்கத்து வீட்டார் தந்த களிம்பு உட்பட, அட்டைப் பெட்டிகளோடு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.