தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுமா?

புத்தாண்டு இரவில் சென்னையில் மேம்பாலங்களை மூடுவார்கள். மெரினா பக்கம் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். நிறுத்தி ஊதச் சொல்வார்கள். இதெல்லாம் வருஷா வருஷம் பார்ப்பதுதான். ஆனால் இந்த வாரம் வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி வேறு: "ராத்திரி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கி, காலையில் வண்டி எடுத்தால் மாட்டுவேனா?"

மாட்டுவது போலீஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வரம்பை மீறியிருப்பீர்களா என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வைத்திருக்கும் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். ஒரு குவாட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஆக, உள்ளே போவது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 65 கிலோ எடையுள்ள ஆண் அதை மளமளவென்று முடித்தால், ரத்தத்தில் 130 மில்லிகிராமைத் தாண்டும். வரம்பைப் போல நான்கு மடங்கு.

இனி கல்லீரலின் பாடு. பெரும்பாலான மருந்துகள் உடம்பில் அதிகமாக இருந்தால் வேகமாகவே வெளியேறும். ஆல்கஹால் அப்படியில்லை. அதைச் சிதைக்கும் நொதி சீக்கிரமே தன் முழுத் திறனை எட்டிவிடும். அதற்குமேல் எவ்வளவு ஊற்றினாலும் வேகம் கூடாது. டாஸ்மாக் கடை மாதிரிதான்: வரிசை தெருமுனை வரை நீண்டாலும் சரக்கு கொடுக்கும் ஜன்னல் ஒன்றே. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும். சிலருக்குப் பத்துதான்.

நள்ளிரவில் குவாட்டரை முடித்தவர் வரம்புக்குள் வரக் காலை ஏழு மணி ஆகும். மெதுவான கல்லீரல் என்றால் பத்தும் ஆகலாம். கூடவே ஒரு ஸ்ட்ராங் பீரும் போயிருந்தால் மதியம் வரை இழுக்கும். தலை தெளிந்துவிட்டதாகத் தோன்றுவதை நம்பக் கூடாது. இதெல்லாம் தோராயக் கணக்குதான். இதை வைத்து வண்டி எடுக்க நேரம் குறிக்காதீர்கள்.

பாட்டிலில் மது கேடு என்று அச்சிட்டிருக்கிறது. எத்தனை மணி நேரம் வண்டியைத் தொடக் கூடாது என்று இல்லை. விற்பதும் அரசு, ஊதச் சொல்வதும் அரசு. இந்த ஒரு வரியை அச்சிட என்ன தயக்கமோ! மேம்பாலங்களும் விடிந்தால் திறந்துவிடும். இவர்கள் சொல்லும் பாதுகாப்பு ராத்திரிக்கு மட்டுமானது.

மற்ற கேள்விகள்:

மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி? ஒரு மில்லிகிராம்கூடக் குறைக்காது.

பாக்கு, புதினா மிட்டாய்? வாடையை மறைக்கலாம், கருவி பார்ப்பது நுரையீரல் காற்றை.

அபராதம்? முதல் முறை 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பின்னால் உட்கார்ந்து வந்தவர்? உடந்தை என்று 188ஆம் பிரிவில் வழக்குப் போடுவோம் என்று சென்னைப் போலீஸ் 2022இல் அறிவித்தது.

கடை மூடிய பிறகு லேபிள் இல்லாமல் கிடைப்பது? தொடவே தொடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம்.

எழுப்பினாலும் எழாத நண்பர்? ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.