ஆம்ப் இளைத்தது, சண்டை இளைக்கவில்லை

டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில், பீங்கான் தட்டுகளுக்கும் யாரோ பின்னிப்போட்ட கம்பளிச் சட்டைகளுக்கும் நடுவே அவ்வப்போது ஒரு பழைய பியோமாஸ்டர் தூசி படிந்து கிடக்கும். அது 1976-இல் வந்த பியோமாஸ்டர் 1900 என்றால் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். யாக்கோப் யென்சன் வடிவமைத்த ரிசீவர். ஒலியைக் கூட்டக் குமிழைத் திருக வேண்டியதில்லை. விரலால் தொட்டால் போதும். தொடுதிரைக் கைபேசி எல்லார் கைக்கும் வருவதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய கதை இது. வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே உடம்பில், சேனலுக்கு 20 வாட். அந்த 20 வாட்டுக்காகக் காசு சேர்த்த குடும்பங்கள் உண்டு. இன்று அதன் சின்ன விளக்குகள் அவிந்திருக்கும், உள்ளே மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். விலைச்சீட்டைப் பார்த்தால் ஒரு சோடி நல்ல சப்பாத்துகூட அந்தக் காசுக்கு வராது.

அது பிறந்த ஸ்ட்ரூவர், எஸ்பியர்க்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். பீட்டர் பாங், ஸ்வென்ட் ஓலுஃப்சன் என்ற இரண்டு இளம் பொறியாளர்கள் 1925-இல் அங்கே தொடங்கியதுதான் பாங் அண்ட் ஓலுஃப்சன். போகும் வழியில் வீதெபெக் என்ற சிற்றூர். வீஃபா என்ற ஸ்பீக்கர் கம்பெனி 1933-இல் அங்கேதான் தொடங்கியது. ஸ்கேன்-ஸ்பீக்கின் ஒலி தரும் வட்டுகளும் இன்று அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போகின்றன. ஸ்கேனர்போர்க்கில் டைனாடியோ, இன்னும் வடக்கே டாலி, ரூ என்ற ஊரில் கிரிஃபன். இந்த ஊர்கள் எல்லாம் இருக்கும் யூட்லாந்தின் மக்கள் பேச்சில் சிக்கனமானவர்கள் என்று டென்மார்க்கில் கேலி செய்வார்கள். மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் ஸ்பீக்கராகச் செய்து விற்றுவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றும்.

எஸ்பியர்க் இந்தப் பட்டியலில் இல்லை. இது ஒலியைச் செய்து விற்ற ஊரல்ல, இரைச்சலில் உழைத்த ஊர். 1868-இல் துறைமுகத்துக்காகவே உருவான இடம். முதலில் மீன்பிடிப் படகுகள், 1970-களிலிருந்து வடகடல் எண்ணெய் மேடைகளுக்குப் போகும் ஹெலிகொப்டர்கள், 2002-இல் ஹார்ன்ஸ் ரெவ் கடற்பரப்பில் 80 காற்றாலைகள். இந்த ஊரில் பலர் வாழ்க்கையில் முதன்முதல் தலையில் மாட்டியது பாட்டுக் கேட்கும் ஹெட்போனாக இருக்காது, இரைச்சலைத் தடுக்கும் காதுமூடியாகத்தான் இருக்கும். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பதுதான் டென்மார்க்கின் எல்லை. இதைப் பின்னால் சொல்லப்போகும் ஒரு விஷயத்துக்காக ஞாபகத்தில் வையுங்கள்.

இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்கள் யூட்லாந்துக்கு வந்தது 1980-களின் நடுவில். பெரும்பாலும் தனி ஆண்கள். சின்ன அறை, மெல்லிய சுவர், அடுத்த அறையில் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர். ஹெட்போன் எங்களுக்கு வந்தது இசைக்காக அல்ல, அடக்கத்துக்காக. 1979-இல் சோனி வோக்மன் வந்தபோது இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளை வைத்திருந்தார்கள். எங்கள் கையில் இருந்தவை அதன் மலிவான சித்தப்பா பிள்ளைகள். காதில் படும் பஞ்சு இரண்டு மாதத்தில் உதிரும். அதில் இளையராஜாவும் ஓடினார், ஊரிலிருந்து வந்த குரல் கசெட்டும் ஓடியது. கடிதம் எழுதத் தெரியாத ஆச்சி பேசி அனுப்பிய கசெட். பின்னணியில் சேவல் கூவும், யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்கும். 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். அந்த வழக்கு 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டரின் அரசையே பதவி விலகச் செய்தது. அந்த விண்ணப்பங்கள் மீண்டும் நகரும்வரை பலருக்குக் குடும்பம் என்பது அந்த உதிர்ந்த பஞ்சுக்குள் இருந்த குரல்தான். அந்த ஹெட்போன் எத்தனை ஓம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

குடும்பங்கள் வந்து சேர்ந்ததும் வீட்டுக்கு ‘செட்’ வந்தது. செட் என்றால் வாட். எவருடையதில் எத்தனை வாட் என்பதுதான் பிறந்தநாள் விழாக்களில் பேச்சு. அட்டைப்பெட்டியில் 1000 வாட் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது சேனலுக்கு இருபதோ முப்பதோ. ஆனாலும் அந்தக் காலத்து வாட் மோகத்தை முழுக்கச் சிரித்துத் தள்ள முடியாது. ஒரு மண்டபத்தை நிறைக்க உண்மையாகவே வலு வேண்டும்; நல்ல வலு பாரமாகவும் விலையாகவும்தான் வந்தது. பெரிய டிரான்ஸ்போமர், முதுகில் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள். 1978-இல் வந்த நாட் 3020 சேனலுக்கு வெறும் 20 வாட் என்று சொல்லிக்கொண்டு, அட்டைப்பெட்டி வீரர்களைவிட நன்றாகப் பாடியதால்தான் பெயர் வாங்கியது.

பிறகு ஆம்ப் இளைத்தது. அதை இளைக்க வைத்ததில் டேனிஷ் கைகள் நிறைய. டிரான்சிஸ்டரை அடுப்பைப்போல் தொடர்ந்து எரிய விடாமல், நொடிக்குப் பல லட்சம் தடவை அணைத்து ஏற்றி வேலை வாங்குவது கிளாஸ்-டி முறை. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கார்ஸ்டன் நீல்சன் செய்த ஆய்விலிருந்து பாங் அண்ட் ஓலுஃப்சன் 1999-இல் ஐஸ்பவர் என்ற கம்பெனியைத் தொடங்கியது. உள்ளங்கை அளவுப் பலகையில் நூற்றுக்கணக்கான வாட். 2015-இல் அதே பாங் அண்ட் ஓலுஃப்சன் கொண்டுவந்த பியோலாப் 90 ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்குள்ளும் 8200 வாட் இருந்தது. பியோமாஸ்டரின் இரண்டு இருபதுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019-இல் ப்யூரிஃபை என்ற இன்னொரு டேனிஷ் கம்பெனி காட்டிய கிளாஸ்-டி ஆம்பில் பிறழ்வு, அளக்கும் கருவிகளே திணறும் அளவுக்குக் குறைவு. ரூவில் கிரிஃபன்காரர்களோ இன்னும் பிடிவாதமாக, அடுப்பைப்போல் தொடர்ந்து எரியும் கிளாஸ்-ஏ ஆம்பைச் செய்கிறார்கள்; தனியாளாகத் தூக்க நினைக்கக் கூடாத பாரம், குளிர்காலத்தில் அறையும் சூடாகும். பிடிவாதம் அழகானது, வாங்க வசதியிருந்தால்.

ஹெட்போனுக்கு வேண்டிய வலுவோ இதில் துளி. கைபேசியில் சொருகி ஹெட்போனை மாட்டும் ஆப்பிளின் சின்ன வால் ஒன்று அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்றது. அது தரும் 1 வோல்ட் சுத்தமான வோல்ட். ஐரோப்பாவில் விற்பது காதுப் பாதுகாப்பு விதிக்காகப் பாதி வோல்ட்டில் வரும், அவ்வளவுதான். விலை உயர்ந்த ஆம்புக்கும் மலிவான ஆம்புக்கும் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் என்று சத்தியம் செய்கிறவர்களுக்கு 1985-ஐ ஞாபகப்படுத்துவேன். பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்பின் குணத்தைத் தன் மலிவான ஆம்பில் சில நாளில் கொண்டுவந்து காட்டினார். அவர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆனால் பழைய ரிசீவரில் ஹெட்போன் போட்டால் ‘இதமாக’ இருக்கிறது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அதற்கு மந்திரம் எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குப் போதும். அந்தக் காலத்து ரிசீவர்கள் பலவற்றில் ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போவதையே நடுவில் ஒரு மின்தடையத்தை வைத்துத் தணித்து அந்தத் துளைக்கு அனுப்புவார்கள். அது 330 ஓம் என்று வையுங்கள். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டும் பெயரளவில் 300 ஓம். ஆனால் எல்லா ஒலிக்கும் அதே 300 அல்ல. 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 வரை ஏறும். இப்போது பங்கு பிரியுங்கள். 300 ஓம் இருக்கும் நடுப்பகுதிக்குக் கிடைப்பது மின்னழுத்தத்தில் 48 விழுக்காடு, 500 ஓம் இருக்கும் அடிப்பகுதிக்கு 60 விழுக்காடு. ஆக அடிப்பகுதி 2 டெசிபெல் உயர்ந்து நிற்கும். காது அதை உணரும். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் புஷ்டியாகும், பாடகரின் நெஞ்சுக் குரல் கனக்கும். இன்றைய ஆம்புகள் பலவற்றின் வெளியீட்டுத் தடை ஒரு ஓமுக்கும் கீழே. அதில் அதே ஹெட்போன் மெலிந்துவிட்டதாகத் தோன்றும். உயிர் போய்விட்டது என்பார்கள். போனது அந்த மின்தடையம்.

அப்படியானால் மிச்சச் சண்டை எங்கே? ஹெட்போனிலும் காதிலும். இங்கேதான் உண்மையான வேறுபாடு, அதுவும் பெரிய வேறுபாடு. ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் சில சுரங்களில் 10 டெசிபெல் வித்தியாசம் சாதாரணம்.

அதை அளப்பதும் டேனிஷ் வேலைதான். 1942-இல் பெர் ப்ரூயலும் விக்கோ கேரும் தொடங்கிய கம்பெனியின் செயற்கைத் தலையும், அங்கிருந்து வந்த குன்னர் ராஸ்முசன் 1994-இல் தொடங்கிய கிராஸ் கம்பெனியின் ரப்பர்க் காதும் இல்லாமல் உலகில் நல்ல ஹெட்போன் ஆய்வகம் குறைவு. ஓல்போ பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் மோலரும் கூட்டாளிகளும் ஹெட்போன் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு மனிதர்களின் காதுக்குள் அளந்து, 1995-இல் ஒரு வரையறை எழுதினார்கள். பிறகு அமெரிக்காவில் ஹார்மன் கம்பெனியின் ஷோன் ஆலிவும் டாட் வெல்டியும் வேறு வழியில் போனார்கள். எது சரி என்று கேட்காமல், எது பிடிக்கிறது என்று ஆட்களிடம் கேட்டார்கள். 64 விழுக்காட்டினருக்கு அவர்கள் வரைந்த வளைகோடு பிடித்தது. 15 விழுக்காட்டினருக்கு அடிச்சத்தம் இன்னும் வேண்டும், 21 விழுக்காட்டினருக்கு அது குறைய வேண்டும். கூடக் கேட்டவர்களில் இளைஞர் அதிகம், குறைக்கச் சொன்னவர்களில் பெண்களும் வயதானவர்களும் அதிகம்.

இந்த மூன்று கூட்டத்தில் இரண்டு என் உறவுக்குள்ளேயே இருக்கின்றன. சித்தப்பாவுக்கு யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில். ஊர்க் கோயில் திருவிழாவில் கேட்டு வளர்ந்தவர். அவர் கேட்பது வலந்தலையை: விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் பக்கம், அந்தச் சொற்கள் தனித்தனியாகத் தெறிக்க வேண்டும். இங்கே பிறந்த என் மைத்துனன் மகனுக்கு ரகுமானுக்குப் பிந்திய காது. அதே பதிவில் அவன் தேடுவது கழி விழும் தொப்பிப் பக்கத்தை. திறந்த முதுகுள்ள ஹெட்போனை அவரும், காதை இறுக மூடுகிற ஹெட்போனை அவனும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த மாலையில் நான் நடுவர்.

“தம்பி, உது தவிலே? ஆரோ கதவை இடிக்கிறான்.”

“தாத்தா, உங்கட இதில கீழ ஒண்டுமே இல்ல. தவில் அரைவாசிதான் வருது.”

இருவர் சொன்னதும் சரி. அந்தப் பழைய பதிவு ஒற்றைச் சேனல். ஸ்பீக்கரில் கேட்டால் தவில் எதிரே நிற்கும். ஹெட்போனில் மண்டைக்கு நட்டநடுவில் உட்கார்ந்துவிடும். அதற்கு எந்த ஆம்பும் பரிகாரம் அல்ல. இன்னொன்றும் உண்டு. சித்தப்பா ஆண்டுக்கணக்கில் ஆலை இரைச்சலில் வேலை செய்தவர், ஆரம்பத்தில் காதுமூடியைக் கழுத்தில்தான் போட்டிருந்தார். இரைச்சல் காதைத் தின்னும்போது முதலில் கடிப்பது 4 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தை. வலந்தலையின் தெறிப்பு இருப்பதும் அந்தப் பக்கம்தான். அவருக்குக் கூர்மை வேண்டும் என்பது ரசனை மட்டுமல்ல, இழந்ததை ஈடுகட்டும் கணக்கு. ஹெட்போன் விமர்சனங்கள் எழுதுகிறவர்கள் தங்கள் வயதையும் வேலையையும் முதல் வரியில் போட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் கைநழுவியது. செட் இருந்த காலத்தில் வீட்டில் ஒரு நேரம் ஒரு பாட்டுத்தான். பிடிக்காதவரும் கேட்டே ஆக வேண்டும். அப்படித்தான் சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு நாதஸ்வரம் காதில் விழுந்தது. இப்போது ஒரே சோபாவில் நான்கு பேர், நான்கு பாட்டு. எல்லோருக்கும் ஒரே ஒலி கிடைக்கும் இடம் என்று இந்த ஊரில் மிஞ்சியிருப்பது, கட்டடக் கலைஞர்களான ஊட்சன்கள் வடிவமைத்து 1997-இல் திறந்த இசை மண்டபம் போன்ற சிலதுதான். அங்கேயும் பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் வேறு வேறு ஒலி.

என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: காசை ஹெட்போனில் போடுங்கள், ஆம்பில் அல்ல. கடைக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் ஜாஸ் தட்டைக் கேட்காதீர்கள், உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள்; கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகத்தான் கேட்கும், விற்பவருக்கு அது தெரியும். ஆம்பில் காசு போட வேண்டாம் என்றதற்கு விதிவிலக்கு ஹைஃபைமான் சுஸ்வாரா போன்ற ஹெட்போன்கள். ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல்தான் தரும் சோம்பேறி. அந்த 9 டாலர் வாலில் அது பாடாது, வலுவான ஆம்ப் வேண்டும். அந்த விலையில் ஹெட்போன் வாங்குகிறவர் என்னிடம் யோசனை கேட்க மாட்டார்.

சித்தப்பாவுக்கும் பையனுக்கும் வழக்கு ஒருவாறு முடிந்தது. எச்டி 600 ஒன்றை இருவருக்கும் பொதுவாக வைத்தோம். கைபேசியில் சமனி செயலி ஒன்றைப் போட்டுப் பையன் இரண்டு அமைப்பு எழுதினான். தனக்கு அடியில் தூக்கல். தாத்தாவுக்கு 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தூக்கல், அதற்கு ‘கோயில்’ என்று பெயர். அவர் போட்டுக்கொண்டு முழுத் தனியாவர்த்தனத்தையும் தலையாட்டிக் கேட்டார். கழற்றிவிட்டு, கைபேசியில் தொங்கிய அந்த விரல் நீள வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப சரி. ஆனா உது எத்தினை வாட்?”