கௌரவ உத்தியோகம்: நகர்மன்றத்துக்குள் வருகிறவர்கள் யார்?

2022 மார்ச்சில் கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக கே. சரவணன் பதவியேற்றபோது ஏறக்குறைய எல்லாப் பத்திரிகைகளும் ஒரே விஷயத்தைத்தான் தலைப்பாக்கின: ஆட்டோ ஓட்டுகிறவர் மேயராகிவிட்டார். ஆட்டோவிலேயே வந்து இறங்கினார், படம் எடுத்துப் போட்டார்கள். 1866இலிருந்து நகராட்சியாக இருந்து, 2021இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட ஊர் அது. மிராசுதார்களும் வக்கீல்களும் கோயில் தர்மகர்த்தாக்களும் ‘பெரிய மனுஷர்’களாக உலவிய காவிரிக்கரை. அங்கே வாடகைக்கு ஆட்டோ ஓட்டிய ஒருவர் மேயர் அங்கி போடுவது சாதாரண விஷயமில்லை. நண்பர்கள் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு நின்றுவிட்டால், ‘பின்னணி’ என்கிற சொல்லின் ஒரு பாதியை மட்டுமே நாம் படித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

தமிழில் இந்தச் சொல் வேடிக்கையானது. ஒருத்தருடைய பின்னணி என்றால் அவர் எங்கிருந்து வந்தார், யார் வீட்டுப் பையன், என்ன சாதி, என்ன தொழில் என்று பொருள். அதே சொல்லைச் சினிமாவில் வேறு மாதிரி பயன்படுத்துகிறோம். திரையில் உதட்டை அசைப்பவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர். அவரைத்தான் பின்னணிப் பாடகர் என்கிறோம். நகர்மன்ற உறுப்பினர்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு அர்த்தத்தையும் சேர்த்தே கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி. எங்கிருந்து வந்தார் என்பதும், யார் குரலில் பாடுகிறார் என்பதும்.

முதலில், எங்கிருந்து வந்தார்கள் என்கிற கதை. 1882 மே மாதத்தில் ரிப்பன் பிரபு உள்ளாட்சி குறித்துத் தீர்மானம் வெளியிட்டார். 1884இல் சென்னை மாகாணத்துக்கு நகராட்சிச் சட்டம் வந்தது. பிறகு 1920இல் மாவட்ட நகராட்சிகள் சட்டம். இந்த 1920ஆம் வருடச் சட்டம், திருத்தங்களோடு, 2023 ஏப்ரல் வரை நம் நகராட்சிகளை ஆண்டுகொண்டிருந்தது. 1998இல் போட்ட புதுச் சட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டுக் காலனிய சட்டத்தையே மறுபடி தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தின் ஆரம்பகால வாக்காளர் யார்? வரி கட்டுகிறவர். வீடு இருந்தால் வரி, வரி இருந்தால் ஓட்டு, ஓட்டு இருந்தால்தான் நாற்காலி. குடிசைக்காரரும் கூலிக்காரரும் ஊரில் குடியிருந்தார்கள், ஆனால் ‘நகரம்’ என்கிற கணக்கில் வரவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து யாராவது மன்றத்துக்குள் நுழைய வேண்டுமானால் பெரும்பாலும் அரசாங்கத்தின் நியமனம்தான் வழி. மாகாண அளவிலும் அப்படித்தான், எம்.சி. ராஜா 1920இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனதே நியமன உறுப்பினராகத்தான்.

அக்காலத்து நகர்மன்றத் தலைவர்களில் இரண்டு பேரை எல்லோருக்கும் தெரியும். சேலத்தில் ராஜாஜி, வக்கீல், 1917 முதல் 1919 வரை. ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோட்டில் பெரியார், மண்டி வியாபாரி. ஒருத்தர் சட்டக்கல்லூரி படித்தவர். இன்னொருத்தர் பத்து வயதோடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவர். குடிதண்ணீர், சுகாதாரம் என்று இரண்டு பேரும் உருப்படியாக வேலை பார்த்தவர்கள் என்று பெயர். பிற்காலத்தில் இவர்கள் இரண்டு துருவம். ஆனாலும் அந்த வருடங்களில் அவர்களுக்கு ஒரு விஷயம் பொது: நகராட்சி சம்பளம் இல்லாமலே அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். வக்கீல் மேசையும் மண்டிக் கணக்கும் அவர்களுக்கு ஓய்வைக் கொடுத்தன. ‘கௌரவப் பதவி’ என்று அதற்குப் பெயர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம்!

மாக்ஸ் வெபர் 1919இல் மியூனிக்கில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் இதையேதான் பேசினார். அரசியலுக்காக வாழ்கிறவர், அரசியலால் வாழ்கிறவர் என்று பிரித்துவிட்டு, சம்பளம் இல்லாத அரசியல் தவிர்க்க முடியாமல் வசதியுள்ளவர்களின் அரசியலாகத்தான் முடியும் என்று அவர் காட்டுகிறார். நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை, நகராட்சி அலுவலக வாசலில் ஒரு காலைப்பொழுது நின்றால் போதும். பத்து மணிக்குக் கூட்டம் என்றால் பத்து மணிக்கு வரக்கூடியவர் யார்? மேஸ்திரி சித்தாளைக் கூப்பிட்டுக்கொண்டு போகிற நேரம் அது.

வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்ததும் வாசல் திறந்துவிட்டது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஓட்டுப் போடுகிற வாசல் திறந்தது, வாஸ்தவம். ஆனால் நாற்காலிக்கான வாசலில் காசு என்கிற பழைய காவல்காரன் உடுப்பை மாற்றிக்கொண்டு அப்படியே நின்றான். இந்தச் சம்பள விஷயத்தில் தமிழ்நாட்டில் அசைவு வந்ததே 2023இல்தான். அதுவரை கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி, அவ்வளவே. 2023 ஜூலை முதல் மதிப்பூதியம் என்று அறிவித்தார்கள்: மேயருக்கு மாதம் 30,000, மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000, நகராட்சித் தலைவருக்கு 15,000, நகராட்சி கவுன்சிலருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாய். ஐயாயிரத்தை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 166 ரூபாய் சொச்சம். அதே வருடம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 294 ரூபாய். அதாவது ஒரு வார்டின் பிரதிநிதியைவிட ஏரி வெட்டுகிற தொழிலாளிக்கு, காகிதத்திலாவது, நாள்கூலி அதிகம். ‘கவுன்சிலர்கள் எல்லாம் கமிஷன் பார்ட்டி’ என்று திண்ணையில் சொல்கிற நடுத்தர வர்க்க ஒழுக்கவாதிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதேயில்லை. கமிஷனை நியாயப்படுத்த நான் வரவில்லை. சொந்தக் காசு இல்லாதவனை உள்ளே விட்டுவிட்டு, அவனுக்குச் சோற்றுக்கு வழி செய்யாமல், பிறகு அவன் காண்ட்ராக்டரிடம் கை நீட்டினான் என்று குற்றம் சாட்டுகிற இந்த அமைப்பின் தந்திரத்தைச் சொல்கிறேன்.

காண்ட்ராக்டர் என்றதும் இன்னொன்று. நகராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருப்பவர் உறுப்பினராக முடியாது என்பது பழைய விதி. நல்ல விதிதான். விளைவு, ஒப்பந்தம் மச்சினன் பெயரில் இருக்கும். அதே சட்டம் நகராட்சி ஊழியரும் போட்டியிட முடியாது என்கிறது. இந்தத் தடைக்கு ‘நலன் முரண்’ என்று நியாயம் சொல்லலாம். ஆனால் இரண்டு தடைகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஒப்பந்தக்காரருக்கு மச்சினன் இருக்கிறான். துப்புரவுத் தொழிலாளிக்கு விளக்குமாறுதான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊர்ச் சாக்கடையை அள்ளிய குடியிருப்பிலிருந்து, பணியில் இருக்கிற ஒருவர், மன்றக் கூடத்தைப் பெருக்கலாம், உட்கார முடியாது. சட்டத்தின் நடுநிலை எவ்வளவு சாதிநிலை என்பதற்கு இதைவிடச் சின்ன, இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

74வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தலித்துகளுக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், அய்ந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டாயத் தேர்தல். தமிழ்நாட்டில் 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய தேர்தல் 1986இல். 2016இல் பெண்களுக்கான பங்கு பாதியாகச் சட்டம் திருத்தப்பட்டது. அதே வருடம் அக்டோபரில் தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நகரங்களுக்குத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. 1991இலிருந்து 2022 வரையிலான காலத்தைக் கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய பத்து வருடம் மன்றமே கிடையாது. தனி அலுவலர் ஆட்சி.

இந்த வெற்றிடத்துக்கும் உறுப்பினர்களின் பின்னணிக்கும் என்ன சம்பந்தம்? ரொம்பச் சம்பந்தம். மன்றம் இல்லாத வருடங்களிலும் குழாயில் தண்ணீர் வராமல் போகும், பிறப்புச் சான்றிதழில் பெயர் தப்பாக இருக்கும், வீட்டு வரியைப் பெயர் மாற்ற வேண்டியிருக்கும். ஜனங்கள் யாரிடமாவது போயாக வேண்டும். ‘முன்னாள்’ கவுன்சிலர், கட்சியின் வட்டச் செயலாளர், அலுவலகத்தில் ஆள் தெரிந்த ரியல் எஸ்டேட்காரர், இவர்கள்தான் அந்த இடத்தை நிரப்பினார்கள். பதவி இல்லாமலேயே ஆறு வருடம் ‘செய்து கொடுக்க’ முடிந்தவர் யாரோ அவரே தேர்தல் வந்ததும் வேட்பாளர். நாள்கூலிக்காரர்களும், போராட்டங்களில் மட்டுமே முகம் தெரிந்த தோழர்களும் இந்த நீண்ட ஓட்டத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். தேர்தலைத் தள்ளிப்போடுவதும் ஒருவகையில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதுதான்.

கேம்பிரிட்ஜ் பள்ளி என்று சொல்லப்படுகிற வரலாற்றாளர்கள், வாஷ்புரூக், பேக்கர் முதலியவர்கள், தென்னிந்திய உள்ளாட்சியை உள்ளூர்ப் பிரமுகர்களும் அவர்களைச் சார்ந்து நிற்பவர்களுமான வலைப்பின்னலாகப் பார்த்தார்கள். மேலே நான் சொல்வது அவர்கள் சொன்னதுதானே என்று யாராவது கேட்கலாம். அவர்களிடம் எனக்குள்ள பிரச்சினை, அந்த வலைக்குள் சிக்கியவர் எப்போதாவது திமிறினார் என்பதற்கு அவர்கள் சட்டகத்தில் இடமே இல்லை என்பதுதான். கொள்கை, சுயமரியாதை, சாதி எதிர்ப்பு எல்லாமே பிரமுகர்களின் பேரத்துக்குப் போட்ட முகமூடி ஆகிவிடும். ஈரோட்டு மண்டி வியாபாரி வகித்த பதவிகளை எல்லாம் உதறிவிட்டுத் தெருவுக்கு வந்ததை அந்தக் கணக்கில் எழுத முடியாது.

இப்போது பின்னணியின் இரண்டாவது அர்த்தம். வேட்பாளர்கள் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கும். எங்கள் பக்கத்துப் பெண் வேட்பாளர்களின் தாள்களைப் புரட்டியபோது ‘இல்லத்தரசி’ என்கிற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. உடனே நமக்கு ஒரு சிரிப்பு வரும்: ‘எல்லாம் வீட்டுக்காரர்தான் பார்ப்பார்.’ கவுன்சிலரம்மா பெயர் பலகையில், கணவர் நாற்காலியில். இது பல ஊர்களில் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘பினாமி’ என்கிற இந்தச் சொல்லாடல் பெண்களையும் தனித்தொகுதி தலித் உறுப்பினர்களையும் மட்டுமே ஏன் துரத்துகிறது? மாவட்டச் செயலாளர் கண்ணசைத்தால் கை தூக்குகிற ஆண் கவுன்சிலருக்குப் பின்னால் யார் பாடுகிறார்கள்? அவரை நாம் ‘கட்சிக்கு விசுவாசமானவர்’ என்போம். கணவன் சொல்லிக் கேட்டால் பினாமி, தலைவர் சொல்லிக் கேட்டால் விசுவாசம்! 2022இல் 21 மேயர்களில் 11 இடங்கள் பெண்களுக்கு என்று வந்தபோது எழுந்த முணுமுணுப்பில் இந்த இரட்டை நாக்கைத்தான் கேட்டேன்.

கும்பகோணத்துக்குத் திரும்ப வேண்டும். 48 வார்டுகளில் பெரும்பான்மையைப் பிடித்தது தி.மு.க. மேயர் பதவியோ கூட்டணிப் பங்கீட்டில் காங்கிரசுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே காங்கிரசுக்கு இருந்த உறுப்பினர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்துக்குள்ளிருந்துதான் சரவணன் மேயரானார். அவருடைய உழைப்பையோ தகுதியையோ இது குறைக்காது. அவர் வந்த பாதையை மட்டும் காட்டுகிறது. மேயரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1996, 2001, 2011இல் நேரடித் தேர்தல், 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் வழியாக மறைமுகத் தேர்தல் என்று ஆள்கிறவர்களின் வசதிக்கேற்ப விதி முன்னும் பின்னும் போய்வந்திருக்கிறது. மறைமுகத் தேர்தலில் ஓர் ஏழைக்குக் கதவு திறக்கலாம், காசு செலவழித்து ஊர் முழுக்க ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் திறந்துவிட்ட கை மேலே இருக்கிறது, மூடவும் அதே கையால் முடியும். அதே வாரத்தில் வேறு சில ஊர்களில் தோழமைக் கட்சிகளுக்கு, விடுதலைச் சிறுத்தைகள் உட்பட, ஒதுக்கப்பட்ட பதவிகளை ஆளுங்கட்சிக்காரர்களே போட்டியிட்டுப் பிடித்துக்கொண்டார்கள்; ராஜினாமா செய்யச் சொல்லித் தலைமை அறிக்கை விட வேண்டியதாயிற்று. தலைமையின் கை ஒரு ஊரில் தூக்கிவிட்டது, இன்னொரு ஊரில் எட்டவேயில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மேயருக்கு என்ன அதிகாரம்? நிர்வாகக் கோப்பு ஆணையரிடம். பெரிய திட்டங்களும் பணமும் சென்னையிலிருந்து. தீர்மானத்தை நிறுத்திவைக்க அரசால் முடியும். 12வது அட்டவணை 18 பணிகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. மாநிலச் சட்டம் ‘கொடுக்கலாம்’ என்றுதான் அரசியலமைப்பு சொல்கிறது, ‘கொடுக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. ஆகவே புதிதாக உள்ளே வருகிற அடித்தளத்து மனிதருக்குக் கிடைப்பது முடிவெடுக்கிற இடம் அல்ல, சிபாரிசு செய்கிற இடம்.

2025 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகளை நகர்ப்புற மன்றங்களில் நியமிக்கச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 650 பேர் வர முடியும் என்றார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ‘நியமனம்’ என்கிற பழைய சொல்லைக் கேட்டதும் 1920 நினைவுக்கு வருகிறது. அரசியலமைப்பின் 243ஆர் பிரிவின் கீழ் சிறப்பு அறிவு உள்ளவர் என்று நியமிக்கப்படுகிறவருக்கு மன்றத்தில் வாக்கு கிடையாது. பேசலாம், எண்ணப்படமாட்டார்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் அய்ந்தாண்டு 2027 மார்ச்சில் முடிவதாகக் கணக்கு. இடையில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை என்று வார்டுகளுக்குள் கூட்டம் போட விதி வந்தது. நம் நண்பர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் ‘அது சும்மா சடங்கு’ என்று போவதில்லை. எங்கள் வார்டுக் கூட்டத்தில் போன முறை பதினொரு பேர் இருந்தோம். அதில் நான்கு பேர் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்தவர்கள். ஒரு அம்மா மட்டும் எழுந்து, கவுன்சிலரைப் பார்த்து, ‘ஏம்ப்பா, இந்தச் சாக்கடை வேலைய எடுத்தது யாரு, பேரச் சொல்லு’ என்று கேட்டார். கவுன்சிலர் ஆணையர் அலுவலகத்து ஆளைப் பார்த்தார். அவர் கோப்பைப் புரட்டினார். பெயர் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கோப்போடு வரச் சொல்லி அந்த அம்மாவின் கேள்வியைப் பதிவேட்டில் எழுத வைத்திருக்கிறோம்.