குடல் பாக்டீரியாவின் பெயரில் விற்கும் பொடிகள்

கேரளத்தில் வயதுவந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் சர்க்கரை நோயாளி. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு தந்த கணக்கு 25.5 விழுக்காடு. நோய் பெருகினால் சந்தையும் பெருகும். “குடலைச் சரிசெய்யுங்கள், தொப்பையும் சர்க்கரையும் போய்விடும்” என்ற பொடி விளம்பரங்கள் கொச்சியின் பள்ளுருத்திக்காரர்களின் கைபேசிக்கும் வந்து சேர்கின்றன.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் பெரும்பாலும் அதைத் தின்றே வாழ்கின்றன. நார்ச்சத்து குறைந்து கொழுப்பு கூடினால் சுவர் தளர்கிறது. பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்து, இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. எலிகளில் குடல் பாக்டீரியாவின் பங்கு தெளிவாகவே தெரிந்தது. 2013-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டனின் குழு, இரட்டையரில் பருமனானவரின் குடல் பாக்டீரியாவைக் கிருமியற்ற எலிகளுக்குக் கொடுத்தது. ஒல்லியானவரின் பாக்டீரியா பெற்ற எலிகளைவிட அவற்றுக்குக் கொழுப்பு அதிகம் ஏறியது. மனிதரிடம் பலன் அவ்வளவு இல்லை. 2012-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஒல்லியானவர்களின் மலத்திலிருந்து பாக்டீரியா பெற்றவர்களுக்கு ஆறு வாரத்தில் இன்சுலின் சற்று நன்றாக வேலை செய்தது. எடை குறையவில்லை.

நம் ஊர்ச் சங்கதியும் உண்டு. போபாலையும் கேரளத்தையும் சேர்ந்த 110 பேரை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், காய்கறி உணவு மிகுந்த போபாலில் பிரிவோட்டெல்லா என்ற பாக்டீரியா ஓங்கியிருந்தது. மீனும் இறைச்சியும் சேரும் கேரளத்தில் பாக்டீராய்ட்ஸ் முதலானவை ஓங்கியிருந்தன. ஒரு நாட்டுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு! பிறகு ‘எல்லாருக்கும் ஏற்ற’ பொடி எப்படி வரும்? ஆயிரக்கணக்கில் ரூபாய் கேட்கும் மலப் பரிசோதனையை வைத்தும் சர்க்கரைக்கு மருத்துவம் செய்ய இன்று வழியில்லை.

குடலுக்கு நாமே செய்துகொள்ளும் கேடு ஒன்று இருக்கிறது: சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாட்டிக். நோய்க்கிருமியோடு நல்ல பாக்டீரியாவும் சாகும். சில வகைகள் திரும்பிவர மாதங்கள் ஆகும். 2024 ஜனவரியில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் அம்ருத்’ என்று கடைகளில் சோதனையைத் தொடங்கியது மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்கத்தான். சீட்டில்லாமல் தரமாட்டேன் என்கிற கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

சாப்பாட்டில் சிறுபயறு, கடலை, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு கூடட்டும். கப்பையும் பொரோட்டாவும் குறையட்டும். மட்டாஞ்சேரி பிரியாணியை அடியோடு விடச் சொல்ல எனக்கு மனமில்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை மட்டும் பொடியை நம்பி நிறுத்திவிடாதீர்கள். அதுவே குடல் பாக்டீரியாவை மாற்றுகிற மருந்துதான். வயிறு உப்பினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று வகை தருவார்.

பொடி வாங்கி ஏமாந்துவிட்டால்? சர்க்கரை நோயையும் உடல்பருமனையும் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. “இது மருந்தல்ல, உணவு” என்று நழுவினாலும், உணவுப் பொருள் நோய் தீர்க்கும் என்று சொல்ல அனுமதியில்லை. பில், டப்பா, விளம்பரத்தின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பணம் திரும்பாவிட்டால் எறணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.