கற்பூரம் எங்கே போகிறது?

மளிகைக் கடையில் எடை குறையும் சரக்குகள் பல உண்டு. வெங்காயம் வற்றும், வெல்லம் கசியும், புளி காயும். இவற்றின் குறைவுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கட்டிய பொட்டலம் கட்டியபடியே இருக்க, ஒரு தூள்கூடச் சிந்தாமல், உள்ளே இருக்கும் வில்லை மட்டும் நாளுக்கு நாள் சிறுத்துப் போகும் சரக்கு கற்பூரம். கடைப் பையன் எடுத்திருப்பானோ என்று சந்தேகப்பட வேண்டாம். எடுத்துக்கொண்டது காற்று.

பனிக்கட்டி முதலில் உருகி நீராகிறது, பிறகு ஆவியாகிறது. கற்பூரமோ உருகாமலே, கட்டி நிலையிலிருந்து நேராக ஆவியாகிவிடும். பள்ளிப் பாடத்தில் இதைப் பதங்கமாதல் என்பார்கள். சாதாரண வெப்பத்திலேயே இது நடக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இன்னும் வேகமாக நடக்கும். கண்ணாடி ஜாடியில் கற்பூரம் வைத்திருப்பவர்கள், மூடியின் உட்புறம் பளபளவென்று படிந்திருக்கும் பொடியைப் பார்த்திருப்பீர்கள். ஆவியான கற்பூரம் மீண்டும் கட்டியானதுதான் அது.

சாம்பல் இல்லை, கரி உண்டு

எரிந்த பின் எதையும் மிச்சம் வைக்காத பொருள் என்பதால்தான் கற்பூரம் வழிபாட்டில் உயர்ந்த இடம் பெற்றது. 'நான்' என்ற எண்ணம் இறைவனிடம் இப்படிக் கரைய வேண்டும் என்று பெரியோர் விளக்கம் சொல்வார்கள். சொன்னதும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குக் 'கற்பூர புத்தி' என்கிறோம். அதற்கும் காரணம் இந்த ஆவிதான். கட்டியைச் சுற்றி எப்போதும் ஆவி நிற்பதால், தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனதும் பற்றிக்கொள்கிறது.

சாம்பல் மிஞ்சாது என்பது சரி. ஆனால் கரிப்புகை உண்டு. கற்பூரத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 10 கார்பன் அணுக்கள் இருக்கின்றன. அவை முழுவதும் எரியாமல் கரியாகச் சுவரிலும் சிலையிலும் படிகின்றன. இதனாலேயே கருவறைக்குள் கற்பூரத்தை நிறுத்திவிட்டு நெய் தீபம் காட்டும் கோயில்கள் பல.

நம் திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டிய கதையோடு சேர்ந்த இருதயாலீஸ்வரர் கோயில் உண்டு. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் உண்டு. கற்பூரம் என்றதும் சிவன் கோயிலுக்குப் போகிறவர் நினைப்பது தீபாராதனைத் தட்டை. பெருமாள் கோயிலுக்குப் போகிறவர் நினைப்பது தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரத்தை. பெயர் ஒன்று, சரக்கு வேறு. ஒன்று எரிப்பதற்கு, மற்றது உண்பதற்கு.

கடல் கடந்த வணிகம்

பச்சைக் கற்பூரத்துக்காக நம் முன்னோர்கள் கடல் கடந்தார்கள். அதன் பழைய ஊற்றுக்கண் சுமத்ரா தீவின் காட்டு மரம் ஒன்று. அதன் தண்டுக்குள் இருக்கும் வெடிப்புகளில் கற்பூரம் படிகமாக உறையும். மரத்தை வெட்டிப் பிளந்தால்தான் கிடைக்கும். பல மரங்களில் ஒன்றுமே இருக்காது. விலை ஏன் ஏறியது என்று வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம் சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ். அதன் அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1873-ல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதன் காலம் 1088. அதைப் பொறித்தவர்கள் 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற தமிழ் வணிகர் குழுவினர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது கூறுகிறது. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே வணிகர்கள் சங்கமாகச் சேர்ந்து, அயல் நாட்டில் விதி வகுத்திருக்கிறார்கள்!

இன்று நாம் விற்கும் சூடம் அந்த மரத்திலிருந்து வருவதல்ல. பைன் மரப் பிசினிலிருந்து டர்பன்டைன் எடுத்து, அதை ரசாயன முறையில் மாற்றிச் செய்யும் கற்பூரம் இது. நம் பக்கத்துக் காஞ்சிபுரத்திலேயே இதற்கான தொழிற்சாலை இருக்கிறது. இடையில் ஒரு காலத்தில், தைவான் நாட்டு மரத்திலிருந்து எடுத்த கற்பூரமே உலகச் சந்தையை ஆண்டது. அன்றைய செல்லுலாய்டு சீப்புகளும் சினிமா படச்சுருளும் கற்பூரம் சேர்த்துத்தான் செய்யப்பட்டன.

ஒரே பெயர், மூன்று சரக்கு

இந்தோனேசியாவில் 'பாருஸ் கற்பூரம்' என்று கேட்டால், இன்று கடைக்காரர் எடுத்துத் தருவது துணிப் பெட்டியில் போடும் உருண்டையை! நம் ஊரிலும் இதே குழப்பம் உண்டு. அந்துருண்டையைப் பலர் 'ரசகற்பூரம்' என்கிறார்கள். அது கற்பூரமே அல்ல, நாப்தலீன். நாட்டு மருந்துக் கடையிலோ அதே பெயர் பாதரசம் சேர்ந்த ஒரு மருந்துச் சரக்கைக் குறிக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், மாறிப்போனால் உயிருக்கு ஆபத்து. ஒரு கிராம் கற்பூரமே சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். ஓரிரு வில்லையிலேயே அந்த எடை வந்துவிடும். வெள்ளை வில்லையைக் குழந்தை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டால், சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். அப்போது வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். கைக்குழந்தைக்குச் சளி என்று கற்பூரம் கலந்த எண்ணெயைத் தேய்ப்பதும் ஆபத்தே. தோல் வழியாகவும் அது உள்ளே போகும். நாப்தலீனோ, ரத்தத்தில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களை அழித்து மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும்.

டம்ளர் தண்ணீர் போதும்

பாக்கெட் இல்லாத சரக்கில் சந்தேகம் வந்தால், எளிய சோதனை ஒன்று உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத டம்ளரில் சுத்தமான தண்ணீர் ஊற்றிச் சிறு துண்டைப் போடுங்கள். கற்பூரம் மிதக்கும்; நாப்தலீன் மூழ்கும். மிதக்கும் கற்பூரத் துண்டு சும்மாவும் இராது. சுற்றிச் சுற்றி ஓடும். நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போன்றது. கற்பூரம் கரையும் பக்கத்தில் அந்த இழுப்பு தளர்கிறது. எதிர்ப்பக்கம் அதை இழுத்துக்கொள்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஆட்டம் நின்றுவிடும். கரண்டியில் எரித்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. நல்ல சூடம் எரிந்து முடிந்தபின் கசடு தங்காது. தங்கினால் கலப்படம் இருக்கிறது என்று அறியலாம். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். இந்தச் சோதனைகளில் தேறிய சூடமும் எரிக்க மட்டுமே, உணவுக்கு ஆகாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மிளகு போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. எதைப் போட்டாலும் மூடி தளர்ந்திருந்தால் கற்பூரம் நிற்காது.

அரிசி, ரவை, சர்க்கரை, டீத்தூள் இவற்றின் அருகே வைக்காதீர்கள். வாசனை ஏறிய சரக்கை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவார்.

சாமி விளக்கு, அடுப்பு, மேற்கு வெயில் படும் சுவர் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். கொள்முதலைச் சிறிது சிறிதாகச் செய்து, பழைய சரக்கை முதலில் விற்றுவிடுங்கள்.

சூடம், பச்சைக் கற்பூரம், அந்துருண்டை மூன்றையும் ஒரே தட்டில் அடுக்காதீர்கள். பச்சைக் கற்பூரத்தை, உணவுக்கானது என்று அச்சிட்ட சீல் பாக்கெட்டில் மட்டுமே விற்பது நல்லது. பொங்கலுக்கும் பாயசத்துக்கும் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகவே போதும் என்று சொல்லியும் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'கற்பூரம் கொடுங்கள்' என்று யார் கேட்டாலும், 'ஏற்றவா, சாப்பாட்டுக்கா, துணிக்கா?' என்று கேட்டுவிட்டே கொடுக்கும்படி கடைப் பையன்களைப் பழக்குங்கள். அம்மா அனுப்பிய சிறுவன் வந்து நின்றால் கட்டாயம் கேளுங்கள். காற்றில் போகும் கற்பூரத்தால் வரும் நஷ்டம் சில ரூபாய். மாறிக் கொடுத்த கற்பூரத்தால் வரும் நஷ்டத்துக்கு ஈடே கிடையாது.