3 டி.பி. டிஸ்க் ஏன் 746 ஆனது?

2009 வாக்கில் வாங்கிய மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று ஒரு வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது விண்டோஸ் 7, உள்ளே 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அக்கா கல்யாண வீடியோ, தாத்தா பாட்டி போட்டோக்கள், பள்ளிக்கூட புராஜெக்டுகள் எல்லாம் சேர்ந்து டி டிரைவ் நிரம்பிவிட்டது. எதை அழிப்பது? யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு 3 டி.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கி, பழையதுக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் புது டிஸ்க் தெரிகிறது. ஆனால் அதன் அளவு 746 ஜி.பி. என்று காட்டுகிறது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க்கும் பழுதில்லை. இந்த 746 பல ஊர்களில் பல பேருடைய திரையில் வந்து நின்ற எண். அது எங்கிருந்து வருகிறது என்பதைக் காகிதத்தில் பென்சிலால் நீங்களே கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு முன்னால் டிஸ்க்கை நன்றாகப் பார்த்துவிடுவோம். இவ்வளவு துல்லியமாகச் செய்த பொருள் வீட்டில் வேறு எதுவும் இருக்காது என்பது என் எண்ணம்.

கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அலுமினிய உடல், மேலே ஒரு ஸ்டிக்கர், அடியில் பச்சை நிறச் சர்க்யூட் பலகை. மூடியின் மேல் பல டிஸ்க்குகளில் ஒரு சிறு துளை இருக்கும். அதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். டிஸ்க்குக்கு எதற்குக் காற்று? உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. நிமிஷத்துக்கு 7200 முறை சுற்றும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் நொடிக்கு 120 சுற்று. தட்டின் குறுக்களவு சுமார் 9.5 செ.மீ. என்பதால் அதன் சுற்றளவு 30 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் பெருக்கினால், தட்டின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 36 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் அது!

அந்த வேகத்தில் சுற்றும் தட்டு காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. எழுதவும் படிக்கவும் செய்கிற 'ஹெட்' என்னும் மிகச் சிறிய துண்டு, அந்தக் காற்றின்மேல்தான் மிதக்கிறது. தட்டைத் தொடுவதே இல்லை. இடைவெளி 10 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர் இருக்கிறது என்றால் அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு தூசு போதும், ஹெட் அதில் மோதித் தட்டைக் கீறிவிடும். அதனால்தான் காற்றுத் துளைக்கு அடியில் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் டிஸ்க்கின் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் காற்றுக்குப் பதில் ஹீலியம் வாயுவை நிரப்பி முழுக்க அடைத்துவிடுகிறார்கள். அவற்றில் அந்தத் துளை இருக்காது.

தட்டின்மேல் காந்தத் தன்மையுள்ள மெல்லிய பூச்சு இருக்கிறது. அதில் ஒரு நுண்ணிய இடத்தின் காந்தத் திசை எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் 0, 1 எல்லாம் எழுதப்படுகின்றன. இந்த இடங்கள் சிறுக்கச் சிறுக்க, படிப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது. 1988-இல் பிரான்ஸில் ஆல்பெர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே ஒரு விளைவைக் கண்டுபிடித்தார்கள். சில அணுக்கள் தடிமனே உள்ள உலோக அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், மிகச் சிறிய காந்தப்புலம்கூட அவற்றின் மின்தடையைப் பெரிதாக மாற்றிவிடுகிறது. அதைக் கொண்டு செய்த ஹெட்டுகள் மிக மெல்லிய காந்தத் தடயத்தையும் படித்தன. 2007-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. மொத்த எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே அடங்கின. இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல போட்டோவுக்கே அந்த இடம் போதாமல் போகலாம்.

சரி, மாட்டுவோம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சுவர் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். அப்புறம் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பக்கத் தகடு நகர்ந்து வந்துவிடும். உள்ளே எதையும் தொடுவதற்கு முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை விரலால் தொட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். உங்களுக்கு உறைக்காத அளவு மின்சாரமும் சர்க்யூட்டைக் கெடுத்துவிடக்கூடும். எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

பழைய டிஸ்க்குக்குக் கீழேயோ மேலேயோ காலி அறை இருக்கும். புது டிஸ்க்கை அதில் செருகி, பக்கவாட்டில் ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூ போடாமல் சும்மா வைத்துவிட்டால், சுற்றும்போது அதிர்ந்துகொண்டே இருக்கும்.

டிஸ்க்கின் பின்பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாய்கள் தெரியும். இரண்டுக்குள்ளும் இருக்கிற பிளாஸ்டிக் நாக்கு ஒரு முனையில் வளைந்திருக்கும். கேபிளைத் தலைகீழாகச் செருக முடியாமல் இருக்கத்தான் அந்த வளைவு. சின்ன வாயில் 7 தொடுமுனைகள். அது தகவல் போகும் சாட்டா கேபிளுக்கு, மறுமுனை மதர்போர்டு என்கிற பெரிய சர்க்யூட் பலகையில். பெரிய வாயில் 15, அது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் பவர் கேபிளுக்கு. அந்தக் கேபிளில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், தட்டுகளைச் சுற்றும் மோட்டாருக்கு. சிவப்பு 5 வோல்ட், சர்க்யூட்டுக்கு. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இந்த வகைப் பவர் கேபிள் மிச்சமில்லை என்றால், நான்கு முள் மோலெக்ஸிலிருந்து மாற்றித் தரும் சிறு கேபிள் கடையில் கிடைக்கும்.

புது டிஸ்க் நொடிக்கு 600 எம்.பி. வரை அனுப்பக்கூடிய சாட்டா, பழைய மதர்போர்டு 300 வரைதான் என்றாலும் கவலை வேண்டாம். ஆன் ஆனதும் இரண்டும் ஒன்றோடொன்று பேசி, இரண்டுக்கும் தெரிந்த வேகத்தில் ஒத்துப்போய்விடும். தட்டு சுற்றும் டிஸ்க் 300-ஐ எட்டுவதே அபூர்வம். அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

இப்போது அந்த 746.

டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலான 3 டி.பி. டிஸ்க்குகளில் சின்ன எழுத்தில் 5860533168 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். டிஸ்க்கில் எத்தனை செக்டர்கள் இருக்கின்றன என்பதன் கணக்கு அது. செக்டர் என்பது 512 பைட் பிடிக்கும் ஒரு சிறு அறை. 586 கோடி அறைகளுக்கும் 0-வில் தொடங்கி வரிசையாக எண் உண்டு. 'இத்தனையாவது அறையில் இருப்பதைக் கொடு' என்று கம்ப்யூட்டர் கேட்கும். டிஸ்க் எடுத்துக் கொடுக்கும்.

எண்களைக் கம்ப்யூட்டர் 0, 1 ஆகிய பிட்டுகளால் எழுதுகிறது. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்கைக் கவனிக்கும் டிரைவர் மென்பொருள், அறை எண்ணை எழுத 32 பிட் இடம்தான் வைத்திருந்தது. 2-ஐ 32 முறை பெருக்கினால் 4,29,49,67,296. அதற்கு மேல் எண்ண அதற்கு வழியில்லை. பழைய பைக்கில் கிலோமீட்டர் காட்டும் சக்கரங்கள் 99999 தாண்டியதும் 00000-க்குத் திரும்பி, மறுபடி 1, 2 என்று ஓடும் அல்லவா? இங்கேயும் அதுதான் நடந்தது. டிஸ்க் தன் 586 கோடிக் கணக்கைச் சொன்னது. 429 கோடி வந்ததும் எண் சுழன்று பூஜ்யத்துக்கு வந்தது. மீதியை மட்டும் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது.

கழித்துப் பாருங்கள்:

5,86,05,33,168 – 4,29,49,67,296 = 1,56,55,65,872

இதை 512-ஆல் பெருக்கினால் பைட் கணக்கு வரும். விண்டோஸ் ஜி.பி. என்று சொல்வது 100 கோடி பைட்டை அல்ல. 1024 × 1024 × 1024, அதாவது 1,07,37,41,824 பைட்டைத்தான் அது ஒரு ஜி.பி. என்கிறது. அந்த எண்ணால் வகுத்தால் விடை 746 மற்றும் சொச்சம்!

இதே கணக்கில், சரியாக வேலை செய்யும் கம்ப்யூட்டரிலும் இந்த டிஸ்க் 3000 என்று காட்டாது, 2794 ஜி.பி. என்றுதான் காட்டும். டிஸ்க் செய்பவர்கள் 1000, 1000 என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024, 1024 என்று எண்ணுகிறது. ஒரு பைட்கூடக் குறையவில்லை.

இதற்குத் தீர்வு இரண்டு படி. முதலில் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவர் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட வேண்டும். உடனே 2794 தெரியும். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், புது டிஸ்க்கை எந்த முறையில் தயார் செய்ய என்று கேட்கும்: எம்.பி.ஆர். அல்லது ஜி.பி.டி. இங்கே அவசரப்பட்டு எம்.பி.ஆர். என்று கொடுத்தால், டிஸ்க் 2048 என்றும் 746 என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அந்த 746-ஐ எதற்கும் பயன்படுத்த முடியாது. அதே எண், இந்த முறை வேறு இடத்தில்! எம்.பி.ஆர். என்பது டிஸ்க்கின் முதல் செக்டரில் எழுதும் பாகப் பட்டியல். அதிலும் அறை எண்ணுக்கு 32 பிட்தான்.

அந்தப் பட்டியலை வடிவமைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அது 1983-இல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. கம்ப்யூட்டரோடு வந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் 10 எம்.பி. மட்டுமே. கையில் 10 எம்.பி. இருந்த காலத்தில், அதைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேலான டிஸ்க்குக்கு இடம் விட்டு வைத்தார்கள். அந்த எல்லையைத் தாண்டிய 3 டி.பி. டிஸ்க் கடைக்கு வந்தது 2010-இல். 27 வருஷம் தாங்கியிருக்கிறது! இன்னொரு எல்லை இவ்வளவு காலம் தாங்கவில்லை. கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் பேசும் மொழியில் ஒரு காலத்தில் அறை எண்ணுக்கு 28 பிட்தான் இருந்தது. டிஸ்க் செய்பவர்கள் எண்ணும் கணக்கில் அதன் உச்சம் 137 ஜி.பி. 2000-களின் தொடக்கத்தில் 160 ஜி.பி. டிஸ்க் வாங்கியவர்கள் அந்தச் சுவரில் முட்டினார்கள். பிறகு அதை 48 பிட்டாக நீட்டினார்கள்.

எண் சுழன்று பூஜ்யத்துக்கு வருவதில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லைக்கு அப்பால் உள்ள அறையில் ஒரு போட்டோவை எழுதச் சொல்கிறோம். எண் சுழல்வதால் அது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுகிறது என்றால்? எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலே வழக்கமாக அந்தப் பக்கம்தான் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் புது டிஸ்க்கின் அளவு தப்பாகத் தெரிந்தால், சரிசெய்யும் வரை அதில் எதையும் எழுதாமல் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆகவே ஜி.பி.டி. என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் அறை எண்ணுக்கு 64 பிட். 512 பைட் அறைகளாகக் கணக்கிட்டாலே ஒன்பது கோடி கோடி கோடி பைட்டுக்கு மேல் எண்ணலாம். விண்டோஸ் பழைய டிஸ்க்கிலிருந்தே தொடங்கப்போகிறது, புதியது சேமித்து வைக்க மட்டும்தான் என்பதால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் என்கிற மென்பொருள் பழையதாக இருந்தாலும் இதற்குத் தடை இல்லை. பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மேட் செய்யுங்கள். ஒரு விஷயம்: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய டிஸ்க்கும் அதே பட்டியலில்தான் இருக்கும். தவறி அதை ஃபார்மேட் செய்தால் கல்யாண வீடியோ போய்விடும். அளவைப் பார்த்து, இன்னொரு முறை பார்த்து, அப்புறம் கிளிக் செய்யுங்கள்.

இனி உங்களுக்கு வேலை. 4 டி.பி. டிஸ்க் விண்டோஸில் 3726 ஜி.பி. என்று தெரியும். 32 பிட்டோடு நிற்கும் அதே பழைய டிரைவர் அதை எத்தனை ஜி.பி. என்று காட்டியிருக்கும்? 6 டி.பி. டிஸ்க் 5589 ஜி.பி.; அதை? இரண்டாவதில் ஒரு முறை கழித்தால் போதாது.